வானிலிருந்து நம் மண்

மாணவச் செல்வங்களே, நம் பள்ளியின் மாடித் தாழ்வாரத்தில் நின்று நாற்புறமும் நோக்கியிருப்பீர்கள். கிழக்கே செம்பனை மரங்கள் அடர்ந்த மேடு. மேற்கே வீடமைப்புப் பகுதியின் சிவப்பு ஓடுகள். தெற்கே ஆற்றோரமாகப் பழைய லயத்து வீடுகளும் அம்மன் ஆலயமும். உங்கள் பாட்டனார் இப்பள்ளியில் அரிச்சுவடி பயின்ற காலத்தில் இவ்விடம் முழுவதும் பால்மரக் காடாகவே இருந்ததாம். இம்மாற்றம் எந்த ஆண்டில் நிகழ்ந்தது, எத்தனை ஏக்கர் மாறிற்று என்று ஆறாம் ஆண்டு வகுப்பில் நாங்கள் வினவியபோது ஆளுக்கொரு விடை வந்தது. ஒருவர் பத்தாண்டு என்றார். மற்றவர் முப்பது என்றார். மனிதர் நினைவு அவ்வாறுதான் இருக்கும். ஆனால் இவ்வினாக்களுக்கு நாள் குறித்து விடை சொல்லக்கூடிய சாட்சி ஒன்று வானத்தில் இருக்கிறது. அதனைப் பற்றியும், அச்சாட்சியை நம்பி நாங்கள் ஒருமுறை தவறியதைப் பற்றியும் இக்கட்டுரையில் கூற விழைகின்றோம்.

1972ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள், அமெரிக்கா ஒரு செயற்கைத் துணைக்கோளத்தை விண்ணில் ஏவியது. பின்னாளில் லேண்ட்சாட் 1 என்று பெயர் பெற்ற அத்துணைக்கோளத்தின் வேலை, நிலவையோ விண்மீன்களையோ ஆராய்வதன்று; கீழே நோக்கி நாம் வாழும் நிலத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பதே அதன் கடமை. அதில் அமைந்த வரியலகிடும் கருவியை வடிவமைத்தவர் வர்ஜீனியா நார்வுட் என்னும் பெண் பொறியியலாளர். அசையும் கண்ணாடி பொருத்திய அக்கருவி விண்வெளியில் சரிவர இயங்குமா என்று பலர் ஐயுற்றனர். அதுவோ, உடன் சென்ற மற்றொரு படக்கருவியை விஞ்சி நின்றது. அன்று தொடங்கிய வரிசை இன்றும் அறுபடவில்லை. 1984ஆம் ஆண்டு ஏவப்பட்ட லேண்ட்சாட் 5, மூன்றாண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்டு, 2013ஆம் ஆண்டு வரை பணியில் இருந்தது. 2013ஆம் ஆண்டில் ஏவிய லேண்ட்சாட் 8, 2021ஆம் ஆண்டில் ஏவிய லேண்ட்சாட் 9 ஆகியவை இப்போது சுற்றி வருகின்றன. தரையிலிருந்து 705 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் இவற்றுள் ஒவ்வொன்றும் 16 நாளைக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வரும். இரண்டையும் சேர்த்தால் எட்டு நாளைக்கு ஒரு படம். நம் நாட்டுக் கடிகாரப்படி காலை 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையே அவை கடந்து செல்கின்றன. அவ்வேளையில் நீங்கள் இடைவேளை முடிந்து வகுப்பறையில் அமர்ந்திருப்பீர்கள்.

முன்னர் இப்படங்களை விலை கொடுத்தே பெற இயலும். 2008ஆம் ஆண்டில் அவற்றை எல்லார்க்கும் இலவசமாகத் திறந்துவிட்டனர். அதனால்தான் நம் பள்ளிக் கணினி அறையிலும் அவற்றைக் காண முடிகிறது.

துணைக்கோளப் படம் என்பது சதுரக் கட்டங்களால் ஆனது. கணக்கு நூற்கட்டங்களை நினைத்துக் கொள்ளுங்கள். லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் தரையில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட இடத்தைக் குறிக்கும். அஃதாவது 900 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ நாலரைக் கட்டங்கள் அடங்கும். ஒரு ஹெக்டரில் 11 கட்டங்கள். அந்த 900 சதுர மீட்டருக்குள் எத்தனை பொருள்கள் இருந்தாலும் கட்டம் ஒரே நிறத்தைத்தான் காட்டும். பாதி மரமும் பாதிக் கூரையும் இருந்தால், இரண்டும் கலந்த ஒரு நடுத்தர நிறம் தோன்றும். 60 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு லயத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 600 சதுர மீட்டர். ஒரு முழுக் கட்டத்தைக்கூட அது நிரப்புவதில்லை. பத்துக் குடும்பங்கள் பிறந்து வளர்ந்து மணமுடித்து வாழ்ந்த இடம் ஒரு புள்ளியின் முக்கால் பங்குக்கும் குறைவு! 2015ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியர் ஏவி வரும் சென்டினல் 2 வகைத் துணைக்கோளங்களின் படத்தில் கட்டம் 10 மீட்டராகக் குறைந்துள்ளது. அதில் லயத்துக் கூரை ஒரு மெல்லிய வெண்கோடாகத் தெரிகின்றது.

இனி நிறத்திற்கு வருவோம். முதன்முதல் படத்தைத் திரையில் கண்ட மாணவர்கள், "காடு ஏன் இரத்தச் சிவப்பாக இருக்கிறது?" என்று வியந்தனர். காரணம் இதுதான். பச்சை இலை தன் உணவைத் தயாரிக்கச் சூரிய ஒளியிலுள்ள சிவப்பு நிறத்தைப் பெரிதும் உறிஞ்சிக் கொள்ளும். ஆனால் நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை அது வேண்டாமென்று திருப்பி எறியும். துணைக்கோளத்தின் கருவி அந்த ஒளியையும் அளக்கிறது. அளந்ததை நமக்குக் காட்ட ஏதேனும் ஒரு நிறம் வேண்டுமே! ஆகவே அகச்சிவப்புக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்து அச்சிடுவது வழக்கமாயிற்று. எனவே படத்தில் சிவப்பு எங்கே உண்டோ, அங்கே உயிருள்ள இலை உண்டு.

இதனைக் கணக்காகவும் செய்யலாம். அகச்சிவப்பு அளவிலிருந்து சிவப்பின் அளவைக் கழிக்க வேண்டும். கிடைத்ததை அவ்விரண்டின் கூட்டுத் தொகையால் வகுக்க வேண்டும். ஓர் அடர்ந்த தோப்பு அகச்சிவப்பில் நூற்றுக்கு 50 பங்கும் சிவப்பில் 5 பங்கும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். 45ஐ 55ஆல் வகுக்க 0.82 வரும். வெட்டவெளி மண் 30 பங்கும் 24 பங்கும் அனுப்பினால், 6ஐ 54ஆல் வகுக்க 0.11 வரும். தண்ணீருக்குப் பெரும்பாலும் சுழியத்துக்கும் கீழே விடை வரும். இதனைத் தாவரக் குறியெண் என்பர். ஓர் ஆண்டுப் படத்தில் 0.82 ஆக இருந்த கட்டம் மறு படத்தில் 0.11 ஆகிவிட்டால் அங்கே பசுமை போயிற்று என்பது தெளிவு. இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று அணுவளவும் பிசகாமல் பொருத்திக் கட்டத்துக்குக் கட்டம் கழித்தால், மாறிய இடமெல்லாம் தனித்துத் துலங்கும். நில மாற்றத்தைக் கண்டறியும் கலையின் அடிப்படை இதுவே. நான்காம் ஆண்டுக் கழித்தலும் வகுத்தலும் இதற்குப் போதும்.

நம் நாட்டில் இக்கலைக்குப் பெரும் பகை மேகம். ஆண்டுக்கு இருபது முறைக்கு மேல் ஒரு துணைக்கோளம் நம்மைக் கடந்தாலும், முகில் மூடாத படம் ஒன்றோ இரண்டோ கிடைப்பதே அரிது. மலேசியாவின் ரசாக்சாட் துணைக்கோளம் 2009ஆம் ஆண்டில் ஏவப்பட்டபோது, அதனை நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்ற வைத்தமைக்கு இதுவே காரணம். பலமுறை வந்தால் ஒருமுறையாவது மேகம் விலகியிருக்கும் அல்லவா? அது நெடுநாள் உழைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. ஆயினும் அந்த எண்ணம் நல்ல எண்ணமே. 2014ஆம் ஆண்டு முதல் ஏவப்பட்டு வரும் சென்டினல் 1 வகைத் துணைக்கோளங்கள் வேறு வழி கண்டன. அவை ஒளிக்குப் பதிலாக ரேடார் அலைகளைத் தாமே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கின்றன. ரேடாருக்கு மேகமும் இல்லை, இரவும் இல்லை.

மாற்றம் என்றால் எத்தகையது என்பதற்கு நம் சிலாங்கூரின் நடுவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முதல் உலகப் போரில் ஈடுபட்டுத் திரும்பிய ஆங்கிலேயர் சிலர் 1921ஆம் ஆண்டில் ஒரு தோட்டம் அமைத்தனர். பெரும்போரின் நினைவாக அதற்குப் பிராங் பெசார் என்று பெயரிட்டனர். மலாய்மொழியில் அப்பெயருக்குப் பொருளே பெரும்போர் என்பதுதான். அங்கே தேர்ந்தெடுத்து வளர்த்த ஒட்டுக்கன்றுகளின் பெயரில் இன்றும் அத்தோட்டத்தின் முதலெழுத்துகள் நிற்கின்றன; பி.பி. 86 என்னும் பால்மர வகை கடல் கடந்தும் நடப்பட்டது. அத்தோட்டமும் அண்டைத் தோட்டங்களும் இருந்த இடத்தில்தான் 1990களின் நடுவில் புத்ராஜெயா உருவாகத் தொடங்கியது. 1999ஆம் ஆண்டில் பிரதமர் அலுவலகம் அங்கு மாறியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று.

1990ஆம் ஆண்டுப் படத்தில் அவ்விடம் தோட்டத்துச் சிவப்பாகவே இருக்கும். பத்தாண்டு கழித்துப் பாருங்கள்: சுற்றிலும் திறந்த மண்ணின் வெளிறிய நிறம், அதன் நடுவே கருநீலமாக ஒரு வளைந்த ஏரி. சுவாவ் ஆற்றை அணையிட்டுத் தேக்கி, ஏறத்தாழ 400 ஹெக்டர் பரப்பில் ஆக்கிய ஏரி அது. 400 ஹெக்டர் என்பது லேண்ட்சாட் படத்தில் 4,400 கட்டங்களுக்கு மேல். அங்கே பால்வெட்டி வாழ்ந்த குடும்பங்கள் டெங்கில் பக்கம் குடிபெயர்ந்தன. கட்டங்களில் அந்தப் பயணம் பதிவாகவில்லை. சாலையும் ஏரியும் பதிவாயின.

இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். நிலத்தின் போர்வை வேறு. நிலத்தின் பயன் வேறு. மரம், மண், நீர், கூரை என மேலே தெரிவது போர்வை. அந்நிலத்தை மனிதர் எதற்கு வைத்திருக்கின்றனர் என்பது பயன். துணைக்கோளம் காண்பது போர்வையை மட்டுமே. செரி கெம்பாங்கான் பகுதியில் ஈயம் தோண்டிய பெரும்பள்ளம் ஒன்று நீர் நிரம்பி ஏரியாயிற்று. இன்று அதன் கரையில் கடைத்தொகுதியும் தங்கும் விடுதியும் நிற்கின்றன. படகில் மக்கள் உலா வருகின்றனர். படத்தில் ஏரியின் நடுக்கட்டத்தை எடுத்தால் அன்றும் நீர், இன்றும் நீர். போர்வை மாறவில்லை, பயன் அடியோடு மாறிவிட்டது.

மறுபுறம், பயன் மாறாமல் போர்வை மட்டும் மாறுவதும் உண்டு. பால்மரம் பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் இலையுதிர்க்கும். அவ்வேளையில் எடுத்த படத்தை ஆகஸ்டுப் படத்தோடு ஒப்பிட்டால் தோட்டமே அழிந்ததுபோல் தோன்றும். ஆய்வாளர் இக்குறையையே நன்மையாக்கிக் கொண்டனர்: ஒரே சமயத்தில் இலையுதிர்த்து, சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கும் தோப்பு எதுவோ அதனைப் பால்மரம் என்று அறிந்து, ஆண்டு முழுதும் பசுமையாய் நிற்கும் காட்டிலிருந்து பிரித்தெடுக்கின்றனர். எங்களுக்கு இக்கலையில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

செம்பனை வேறு வகையில் ஏமாற்றும். 1960ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏறத்தாழ 55,000 ஹெக்டரில் இருந்த செம்பனை, 2020ஆம் ஆண்டில் 58 இலட்சம் ஹெக்டரைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி ஒருமுறை நட்டதோடு நின்றுவிடாது. இருபத்தைந்து ஆண்டளவில் மரம் உயர்ந்து குலை தள்ளுவது குறைந்ததும், வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வர். உலகெங்கும் மரப்போர்வை இழந்த இடங்களைக் காட்டும் வரைபடம் ஒன்றை அறிவியலார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அருமையான வேலை அது. ஆனால் இயற்கைக் காட்டை அழித்தாலும், முதிர்ந்த தோட்டத்தை மறுநடவுக்காக வெட்டினாலும் அதில் ஒரே குறிதான். இதனை நாங்கள் படித்திருந்தோம். படித்திருந்தும் தவறினோம்.

2024ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். நம் பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் 2022ஆம் ஆண்டுப் படத்தையும் 2023ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டு, மாறிய இடங்களை வண்ணப் பென்சிலால் வரைந்து வருமாறு கூறினோம். கிழக்கு மேடு முழுவதும் சிவப்பிழந்து வெளிறிய நீலமாகியிருந்தது. "தோட்டத்தை அழித்துவிட்டனர், வீடு கட்டப் போகின்றனர்" என்று ஒரு குழு எழுதியது. நாங்களும் சரியென்று குறியிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டோம். லயத்தில் வாழும் மாணவி ஒருத்தி அதனை வீட்டில் சொல்லியிருக்கிறாள். தோட்டம் போகுமானால் லயமும் போகும், வேலையும் போகும். மறுநாட் காலை, வேலைக்குப் போகாமல் இரண்டு பெற்றோர் பள்ளி வாயிலில் காத்திருந்தனர். "எப்போது காலி செய்ய வேண்டும் என்று பள்ளிக்குத் தகவல் வந்துவிட்டதா, டீச்சர்?" என்று அவர்கள் கேட்டபோது எங்களுக்கு என்ன மறுமொழி கூறுவதென்று தெரியவில்லை. சுவரிலிருந்த தாளைக் கழற்றி வைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை, மாணவர் பதினொருவரையும் அப்பெற்றோரையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்குச் சென்றோம். நாற்பதாண்டு அத்தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற கங்காணித் தாத்தா முன்னே நடந்தார். மேட்டில் கண்டது என்ன? படிப்படியாக வெட்டிய வரப்புகள். துண்டு துண்டாக்கி மண்ணில் மக்கவிட்ட பழைய மரங்கள். தரையெங்கும் படர்ந்த மூடுகொடி. அதனிடையே இடுப்பளவு உயர்ந்த இளஞ்செம்பனை! மாணவர்கள் நாடாவை நீட்டி அளந்தனர். கன்றுக்குக் கன்று ஒன்பது மீட்டர். மண் பசுமையாகவே இருந்தது. மூடுகொடி சில திங்களிலேயே தரையை மறைத்துவிடுமாதலால், நாங்கள் 2024ஆம் ஆண்டுப் படத்தை எடுத்திருந்தால் அங்கே ஏதும் நடந்ததாகவே தெரிந்திராது. இரண்டு படங்களுக்கு இடையே மறைந்துபோகும் மாற்றங்களும் உண்டு என்பதை அன்று கண்டோம். அப்பெற்றோருள் ஒருவர் ஒரு கன்றின் ஓலையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.

திரும்பும்போது தாத்தா எங்களைத் தெற்கு வழியாக ஆற்றோரம் அழைத்துச் சென்றார். அது லயங்களுக்குப் பின்னாலுள்ள முதிர்ந்த செம்பனைக் காடு. இரண்டு படங்களிலும் சிவப்பாகவே இருந்தமையால் எக்குழுவும் அதனைத் தொடவில்லை. "மாற்றம் இல்லை" என்று எழுதியிருந்தோம். மரங்களுக்கு அடியில் களை மண்டிக் கிடந்தது. பழுத்த குலைகள் அறுப்பாரின்றி உதிர்ந்து அழுகியிருந்தன. நிரைக்கு நிரை சிவப்புத் துணி கட்டிய அளவைக் குச்சிகள் நட்டிருந்தனர். சாலையோரம், கொடி ஏறிய ஓர் அறிவிப்புப் பலகையில் வரப்போகும் வீடுகளின் படம் வரைந்திருந்தது.

"வாத்தியாரே, அங்கே வெட்டினது நடுறதுக்கு, இங்கே வெட்டாம விட்டது விக்கிறதுக்கு," என்றார் தாத்தா. அவருக்கு இது முன்பே தெரியும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அறிவியலார் தம் வரைபடத்தைத் தரையில் சென்று சரிபார்ப்பதைக் களச் சோதனை என்பர். படத்தில் பல இடங்களைத் தெரிந்தெடுத்து, நேரில் சென்று, எத்தனை இடம் ஒத்துவருகிறது என்று எண்ணுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருந்தால் நல்ல வரைபடம். ஆயினும் அத்தகைய இரண்டு வரைபடங்களை ஒப்பிடும்போது, இரண்டிலும் ஒருசேரச் சரியாக இருக்கும் இடம் 90இல் 90 விழுக்காடு, அஃதாவது ஏறத்தாழ 81 தான். எஞ்சிய 19இல் ஏமாற்றங்கள் ஒளிந்திருக்கும். எங்கள் வரைபடத்திலோ பெரிய இடங்கள் இரண்டு, இரண்டுமே தவறு.

புதிய வரைபடம் வரைந்தோம். கிழக்கு மேட்டுக்கு "மறுநடவு" என்றும், தெற்குக் காட்டுக்கு "போர்வை மாறவில்லை, பயன் மாறுகிறது" என்றும் மாணவர்களே எழுதினர். பலகையைக் கண்ட நாளையும் அதன்கீழ் குறித்தனர். லயத்தையும் அம்மன் ஆலயத்தையும் ஆலயத்து அரசமரத்தையும் பென்சிலால் வரைய வேண்டியதாயிற்று. படத்தில் அரசமரம் செம்பனையோடு கலந்து தெரியவில்லை.

சில நாள் சென்று அப்பெற்றோர் மீண்டும் வந்தனர். லயமும் ஆலயமும் தெரியும் பழைய படம் ஏதேனும், ஆண்டு போட்டு அச்சிட்டுத் தர இயலுமா என்று கேட்டனர். பேச்சு வார்த்தைக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். லேண்ட்சாட் படத்தில் கூரை தெரியாது, காடுதான் தெரியும் என்று விளக்கினோம். சென்டினல் படங்களில் 2016ஆம் ஆண்டிலேயே அந்த வெண்கோடு இருக்கின்றது. அதனை நாளோடு அச்சிட்டுக் கொடுத்தோம். அப்படம் கூரை இருந்ததைக் காட்டும், அதற்குள் யார் இருந்தனர் என்பதைக் காட்டாது என்றும் மறைக்காமற் கூறினோம். "அதை நாங்கள் சொல்லிக் கொள்கிறோம்," என்றார் அந்த அம்மையார்.

ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் தெற்குக் காட்டின் படத்தை வாரந்தோறும் திறந்து பார்த்துக் குறிப்பேட்டில் பதிந்து வருகின்றனர். பாதிக்கு மேல் "மேகம்" என்றே எழுதியிருக்கிறது. இம்மலர் அச்சுக்குச் செல்லும் இந்நாள் வரை, மேகம் விலகிய போதெல்லாம் அவ்விடம் சிவப்பாகவே இருக்கிறது.